அடுக்களை அரசிக்குத் திறந்த உரிமம்

ஐம்பத்திரண்டாவது வயதில் வேதாந்தம் நூலாசிரியர் ஆவதென்று தீர்மானித்தார். தீர்மானித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்று அறிவித்தார்.

"ராஜி, நான் புஸ்தகம் எழுதப்போறேன்."

"எழுதுங்கோ. இப்போ அந்தப் பக்கம் நகருங்கோ, பெருக்கணும்" என்றாள் ராஜலக்ஷ்மி.

சரித்திரத்தின் மாபெரும் பிரகடனங்கள் எல்லாமே இப்படி ஒரு துடைப்பத்தின் முன்னால்தான் செய்யப்பட்டிருக்க வேண்டும். சரித்திரம் எழுதியவர்கள் துடைப்பத்தை விட்டுவிட்டார்கள்.

வேதாந்தம் மத்திய சர்க்காரில் அண்டர் செகரெட்டரி. ஜனக்புரியில் முதல் மாடி ஃப்ளாட். குடியில்லை, சீட்டாட்டமில்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம் விதிகள். ஜிலேபிக் கடையைக் கண்டால் மற்றவர்கள் நிற்பதுபோல அவர் விதிப் புத்தகத்தைக் கண்டால் நிற்பார். பார்க்கில் மாட்டியிருக்கும் 'பூப் பறிக்காதீர்கள்' பலகையைக்கூட, கீழே ஏதாவது உட்பிரிவு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இப்படிப்பட்டவரிடம் மாடிவீட்டுப் பிரதீப் அந்த அமெரிக்க விளையாட்டைக் கொண்டுவந்தது, பூனைக்குப் பால் வைத்ததாகாது. பால் கடையையே பூனை பேருக்கு எழுதிக் கொடுத்தது போலாயிற்று.

பிரதீப் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். அமெரிக்கா போய்வந்தபோது வாங்கிவந்த விளையாட்டின் பெயர் 'கேவர்ன்ஸ் அண்ட் கிரௌன்ஸ்.' பலகை கிடையாது, காய் கிடையாது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் நடுவர். "நீங்கள் ஓர் இருட்டுக் குகையில் நிற்கிறீர்கள்" என்று அவர் கதையை ஆரம்பிப்பார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு வாயாலேயே வாள் வீச வேண்டும். வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். இதற்கு விதிகள் முன்னூறு பக்கம். வேதாந்தம் முன்னூறையும் அடிக்கோடிட்டுப் படித்தார், அமெரிக்கர்கள் விட்டுவிட்ட சில அரைப்புள்ளிகளைத் தம் கையால் போட்டார், பிறகு நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நடுவரை ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்பார்கள். வீட்டில் அந்தப் பதவி காலியில்லாததால், ஞாயிறு பிற்பகல்களில், சாப்பாட்டு மேஜையின் எல்லைக்குள் மட்டும் அவர் அதை வகித்தார். ஆடுகிறவர்கள் பிரதீப், வங்கி அதிகாரி சந்திரசேகர், கல்லூரியில் படிக்கும் மகள் ரோஹிணி. பஜ்ஜி சப்ளை, ராஜலக்ஷ்மி.

வேதாந்தம் எழுதப்போன புத்தகம் இந்த விளையாட்டுக்கு ஓர் இணைப்பு நூல். பெயர் 'பாதாள டில்லி.' அந்த வருஷம் மெட்ரோவுக்காக ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டினால் மண் வரும் என்பது இன்ஜினியர்களின் கட்சி. பூதம் வரும் என்பது வேதாந்தத்தின் கட்சி. கரண்ட் போனால் மட்டும் கண் விழிக்கும் இன்வெர்ட்டர் பிசாசு, தண்ணீர் லாரியை டிரைவரோடு விழுங்கும் குழாய்ப் புழு, எந்த ஸ்டாப்பிலும் நிற்காத பேய் பஸ் என்று வரிசையாகக் கற்பித்து, கடைசி அறையில், யாராலும் ஜெயிக்க முடியாத எதிரியாக ஒருத்தியை உட்கார்த்தி வைத்தார். அவள்தான் அடுக்களை அரசி.

எழுதி முடித்ததும் ஒரு ஞாயிறு ஆடிப் பார்த்தார்கள். கூச்சலில் கூரை பறந்தது.

"அரசி வந்துட்டா! ஓடு!" என்று சந்திரசேகர் நாற்காலிமேல் ஏறினார்.

"அங்கிள், கியா சீஸ் ஹை! என்ன ஆளு இவ! எங்கே பிடிச்சேள்?" என்றான் பிரதீப்.

வேதாந்தம் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அடக்கமாகப் பகடையை உருட்டினார்.

ரகசியம் ஒரு வாரம் தாங்கியது. அடுத்த சனிக்கிழமை ராஜலக்ஷ்மி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்திரசேகரின் மனைவி விசாலாக்ஷி பின்னாலிருந்து "வாங்கோ அரசி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கூட நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். முருங்கைக்காய்க்காரனும் சிரித்தான்; அவனுக்குத் தமிழ் தெரியாது.

ராஜலக்ஷ்மி வீட்டுக்கு வந்தாள். ரோஹிணியைக் கூப்பிட்டு அந்த அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். பிறகு கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, இந்த அரசி யாரு?"

"யாருமில்லை. கற்பனை."

"குக்கர் மூடியைக் கேடயமாப் பிடிச்சுண்டு நிக்கறா."

"ராணின்னா எதையாவது பிடிச்சுண்டுதானே நிக்கணும்?"

"'எனக்கென்ன, சொல்றதைச் சொல்லிட்டேன்'னு அவ வாயைத் திறந்தா எதிராளிக்குப் பாதி உசிர் போயிடறதாம். அது நான் சொல்றது."

"தமிழ்நாட்டுல பாதிப் பேர் சொல்றது."

"அவளை மயக்க ஒரே மந்திரம் அவ தம்பியைப் புகழறது. எனக்குத் தம்பி இருக்கான்."

"எத்தனையோ பேருக்குத் தம்பி இருக்கான்."

"உங்களுக்கு இல்லையே. தம்பி ஞாபகம் எங்கேருந்து வந்தது?"

வேதாந்தம் விதியிடம் சரண் புகுந்தார். "முதல் பக்கத்தைப் பார். 'இதில் வருகிறவர்கள் உயிரோடிருக்கும் எவரையும் குறிப்பவர்கள் அல்லர்.' அப்படிப் போட்டாச்சுன்னா அது நீ இல்லை. மீறி நீயே எழுந்து 'அது நான்தான்'னா, அது உன் ஒப்புதல் வாக்குமூலம். எனக்குச் சம்பந்தமில்லை."

"அப்படியா சட்டம்?"

"அப்படித்தான்."

"அச்சா" என்றாள் ராஜலக்ஷ்மி.

இருபத்தைந்து வருஷ டில்லி வாசத்தில் அவள் இந்திக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் இது. அவர்கள் அச்சா என்றால் சரி என்று அர்த்தம். அவள் அச்சா என்றால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாக, "இன்னொருத்தர் விளையாட்டை வெச்சு நீங்க புஸ்தகம் போட்டா அவா சும்மா இருப்பாளா?" என்று கேட்டாள். இதுதான் வேதாந்தத்தின் பலவீனம். விதியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால், தூக்குமேடையில் நின்றுகொண்டுகூட முடிச்சு போடும் முறையை விளக்குவார்.

"நல்ல கேள்வி, ராஜி. அந்தக் கம்பெனி பெரிய மனசு பண்ணி ஒரு திறந்த உரிமம் குடுத்திருக்கு. ஆட்டத்தோட விதிகளை யார் வேணா எடுத்துக்கலாம், புஸ்தகம் எழுதலாம், விக்கலாம். ஆனா விளையாட்டோட பேர் டிரேட்மார்க். அதை அட்டையிலே போடப்படாது. 'இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும்'னுகூட எழுதப்படாது. அவா குடுத்த ஒரு சின்ன முத்திரை உண்டு. சொன்ன அளவிலே அதை மட்டும் ஒட்டலாம்."

ராஜலக்ஷ்மி ஒரு பீன்ஸை ஒடித்து யோசித்தாள். "எதிராத்து சாவ்லா ஆன்ட்டி மிக்ஸி குடுத்தா. சட்னி அரைச்சுக்கலாம், அதை விக்கவும் விக்கலாம். ஆனா பாட்டில்மேல 'சாவ்லா ஆன்ட்டி சட்னி'ன்னு லேபிள் ஒட்டப்படாது. அதானே?"

வேதாந்தத்துக்குச் சற்று வருத்தமாக இருந்தது. இதே விஷயத்தை அவர் சந்திரசேகருக்கு விளக்க ஒரு முழு ஞாயிறு ஆகியிருந்தது. "ஏறக்குறைய" என்றார்.

"நீங்க எழுதினது?"

"அதுலேயும் ரெண்டு பாகம் உண்டு. எதெல்லாம் பொது, எதெல்லாம் என் சொந்தம்னு நான் அறிவிக்கணும். சொந்தத்தை யாரும் தொடப்படாது. பொதுவை யார் வேணா எடுத்துக்கலாம்."

"மாத்தலாமா?"

"தாராளமா."

"உங்களைக் கேக்க வேண்டாமா?"

"வேண்டாம். கடைசிப் பக்கத்துல என் பேரைப் போட்டாப் போதும்."

"பின்னாடி நீங்க மனசு மாறி, திருப்பிக் குடுன்னா?"

"பிரம்மாவே வந்தாலும் முடியாது. அதுதான் அந்த உரிமத்தோட அழகு! இன்னொண்ணு கேளு. நாளைக்கே நான் ஏதோ தப்புப் பண்ணி என் உரிமம் போயிடறதுன்னு வெச்சுக்கோ. என்கிட்டேருந்து எடுத்துண்டவனோட உரிமம் போகாது. அப்பன் ஜெயிலுக்குப் போனாலும் பிள்ளை ஆத்துலேயே இருக்கலாம்."

"ரொம்ப அழகுதான்" என்று ராஜலக்ஷ்மி பீன்ஸ் தட்டோடு எழுந்து போனாள்.

வேதாந்தம் தனியே உட்கார்ந்து யோசித்தார். அரசி அத்தியாயத்தைச் சொந்தம் என்று அறிவித்தால், 'இவளைக் கற்பித்தவன் நானே, எனக்கே உரியவள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். அந்தக் கையெழுத்தை ராஜி மூஞ்சிக்கு நேரே நீட்டுவாள். பொது என்று அறிவித்துவிட்டால்? ஊர்க் கிணறு மாதிரி. கிணற்றில் விழுந்தவன் யார் மேல் வழக்குப் போடுவான்? கோழைத்தனத்துக்குத் தத்துவம் கிடைத்துவிட்டால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர். வேதாந்தம் பெருந்தன்மையோடு அடுக்களை அரசியை, அவளுடைய குக்கர் மூடி, உயிர் வாங்கும் வசனம், தம்பி உள்பட, உலக மக்களுக்குப் பொதுவாக்கினார்.

பிறகு அலுவலகத்தில் புத்தகம் போட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பூதங்கள் எதுவும் அரசின் கொள்கைகளை விமர்சிக்காதவரை ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. பிரதீப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இதற்கென்றே இருந்த ஓர் இணையதளத்தில் போட்டுக் கொடுத்தான். வேதாந்தம் அதை அச்செடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடுவர் நாற்காலியில் உட்காரும்போது இப்போதெல்லாம் முதுகு இரண்டு அங்குலம் கூடுதலாக நிமிர்ந்தது. சந்திரசேகர் அவரை "ஆத்தர் சார்" என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

மூன்றாம் வாரம் அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

மிகவும் மரியாதையான கடிதம். பாதாள டில்லி தங்களுக்குப் பிடித்திருப்பதாகவும், ஆனால் அட்டையிலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தங்கள் டிரேட்மார்க் இருப்பதாகவும், ஒரு மாதத்துக்குள் அதை நீக்கிவிட்டால் எல்லாம் சுபமே என்றும், நீக்காவிட்டால் உரிமம் தானாகவே ரத்தாகிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள்.

"அப்பா!" என்றாள் ரோஹிணி. "பேரே போடக்கூடாதுன்னு எங்களுக்கு நாலு மாசம் லெக்சர் குடுத்தேள். நீங்க ஏன் போட்டேள்?"

"நான் எங்கே பேரைப் போட்டேன்? ரெஃபரன்ஸ்தான் குடுத்திருக்கேன்."

அது உண்மை. முப்பது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் அவர் கை ரெஃபரன்ஸ் இல்லாத ஒரு காகிதத்தைத் தொட்டதில்லை. எந்தத் தாளை எடுத்தாலும், எந்த மேலிடத்தின் எந்த விதிப்படி இது எழுதப்படுகிறது என்று தலையில் குறிக்காமல் பேனா நகராது. ஆகவே பக்கத்துக்குப் பக்கம், விளையாட்டின் பெயர், கம்பெனியின் பெயர், பதிப்பு, பிரிவு எண் எல்லாம் பயபக்தியோடு மேலே ஏறியிருந்தன.

"சரி, போறது. ஆனா அவாளுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். "தளத்துலேருந்து இறக்கிண்டவாளே நாலு பேர்தான்னு ரோஹிணி சொன்னாளே."

வேதாந்தம் தொண்டையைச் செருமினார். "நான்தான் அனுப்பினேன்."

"யாருக்கு?"

"கம்பெனித் தலைவருக்கும், அவா சட்டப் பிரிவுக்கும். 'நகல், தகவலுக்காக.' அனுப்பாம எப்படி இருக்கறது? மேலிடமாச்சே!"

ராஜலக்ஷ்மி சிரிக்கவில்லை. இது குறிப்பிடத்தக்கது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த வரியை அடிச்சுடுங்கோ. பிரதீப் ஒரு நிமிஷத்துல பண்ணிடுவான்."

"ரெஃபரன்ஸை அடிச்சா காகிதம் அனாதையாயிடும், ராஜி."

"மிக்ஸியைத் திருப்பிக் கேக்கறதுக்கு முன்னாடி லேபிளைக் கிழியுங்கோன்னா."

"இது லேபிள் இல்லை. மரியாதை. அவாளுக்கு விளக்கினாப் புரியும். எனக்கென்ன பதில் எழுதத் தெரியாதா?"

"எனக்கென்ன, சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றாள் ராஜலக்ஷ்மி. வேதாந்தத்துக்குப் பாதி உயிர் போயிற்று, ஆனாலும் எழுதினார்.

முதலில் ஓர் இடைக்காலப் பதில். அதில் டிரேட்மார்க்குக்கும் ரெஃபரன்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினோரு பத்திகளில் விளக்கினார். பதில் இல்லை. பிறகு ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றதும் அவர் மகிழ்ந்தார். மேலிடம் மௌனமாக இருந்தால் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்பது அவர் அறிந்த உலகம். அவர் மூன்றாவது நினைவூட்டலுக்கு வரைவு போட்டுக்கொண்டிருந்தபோது மாதம் முடிந்தது. உரிமம் ரத்தாயிற்று. இணையதளத்திலிருந்து பாதாள டில்லி, பிசாசு, புழு, பஸ்ஸோடு மறைந்தது.

வேதாந்தம் இரண்டு நாள் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டார். "போனால் போகட்டும்" என்று ரோஹிணியிடம் சொன்னார். "நாற்காலி இருக்கே. ஞாயித்துக்கிழமை நான் நடுவரா உக்காந்து பாதாள டில்லியைத் திரும்ப ஆடுவோம். அதை எந்தக் கம்பெனி தடுக்கும்?"

ரோஹிணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவள் அம்மா அவளிடம் ஒரு தேங்காயைக் கொடுத்துத் துருவச் சொன்னாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆனதும் ராஜலக்ஷ்மி, அப்பளம் தீர்ந்துவிட்டது, ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்வாருங்கள் என்றாள். ஜனக்புரியிலிருந்து ஐ.என்.ஏ.வுக்கு அப்பளத்துக்காகப் போவது, பல் தேய்க்கக் கங்கைக்குப் போவது போல. ஆனாலும் போனார். திரும்பி வந்து மாடியேறும்போதே, கதவுக்கு அப்பாலிருந்து பிரதீப்பின் குரல் கேட்டது.

"பாப் ரே! வந்துட்டான்! ஃபைல் பூதம்!"

வேதாந்தம் அப்பளத்தோடு உள்ளே நுழைந்தார். மேஜையைச் சுற்றிப் பிரதீப், சந்திரசேகர், ரோஹிணி. அவர்களோடு விசாலாக்ஷியும், கையில் தன் மந்திரவாதி வேஷத்தின் குறிப்புத்தாளோடு, கண் பளபளக்க உட்கார்ந்திருந்தாள். நடுவர் நாற்காலியில் ராஜலக்ஷ்மி. இருபது முகப் பகடை அவள் விரல் நடுவே ஏலக்காய் மாதிரி உருண்டுகொண்டிருந்தது.

"வாங்கோ ஆத்தர் சார்" என்றார் சந்திரசேகர். "மாமியோட புஸ்தகம் பிரமாதம். தளத்துல போட்ட மூணாம் நாளே நூறு பேர் இறக்கிட்டா. கம்பெனியே பாராட்டி எழுதியிருக்கான்!"

"மாமியோட புஸ்தகமா?"

"அம்மா தமிழ்ல சொன்னா, நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணேன்" என்றாள் ரோஹிணி, பகடையைப் பார்த்துக்கொண்டே.

மேஜைமேல் இருந்தது புத்தகம். 'அடுக்களை அரசியின் ராஜ்யம்.' ஆசிரியர் ராஜலக்ஷ்மி. அட்டையில் வேறு ஒரு பெயர் இல்லை. மூலையில் அந்தச் சின்ன முத்திரை, சொன்ன அளவில், சாந்துப் பொட்டு மாதிரி அழகாக இருந்தது. வேதாந்தம் பக்கங்களைப் புரட்டினார். எதிலாவது ஒரு தப்பு கிடைக்குமென்று அவர் விரல்கள் துடித்தன. கிடைக்கவில்லை. அரசி இருந்தாள், குக்கர் மூடியும் இருந்தது. ஆனால் அவள் இப்போது எதிரி இல்லை. ராஜ்யத்தைக் காப்பாற்ற வீரர்களை வேலைக்கு வைக்கும் மகாராணி. எதிரி வேறு.

'ஃபைல் பூதம். செய்தித்தாளைக் கேடயமாகப் பிடித்திருக்கும். வாளால் வெட்டினால், எந்த விதியின் கீழ் வெட்டினீர்கள் என்று கேட்கும். கேஸ் சிலிண்டர் வந்தால் மாயமாகும். தன் இருப்பிடத்தைத் தானே எதிரிக்கு எழுதி அனுப்பும் இயல்புடையது.'

"ராஜி, இது என் அத்தியாயம்!"

"ஆமாம். பொதுன்னு நீங்கதானே அறிவிச்சேள்? கடைசிப் பக்கத்துல உங்க பேர் போட்டிருக்கேன், பாருங்கோ."

"என் உரிமம்தான் ரத்தாயிடுத்தே!"

"அப்பன் ஜெயிலுக்குப் போனாலும் பிள்ளை ஆத்துல இருக்கலாம்னேளே."

"எனக்கே தெரியாம எப்படி உன் கையில..."

"நாலு பேர் இறக்கிண்டா இல்லையா? எப்பவும் ஆடற இவா மூணு பேர். நாலாவது நான்."

வேதாந்தம் பல இரவுகள் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்திருந்த அந்த நாலாவது வாசகர், அயோவா மாகாணத்தில், கணப்படுப்பின் அருகில், தாடியோடு இருந்தார். அவர் மெல்லக் கரைந்து போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று வேதாந்தம் கடைசி அம்பை எடுத்தார். "இந்தப் பூதம் யாரு? செய்தித்தாள், சிலிண்டர்... இது நான்தான்!"

விசாலாக்ஷி மந்திரவாதித் தாளைக் கீழே வைத்தாள். ராஜலக்ஷ்மி முதல் பக்கத்தைத் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்: 'இதில் வருகிறவர்கள் உயிரோடிருக்கும் எவரையும் குறிப்பவர்கள் அல்லர்.'

"இப்போ நீங்களா எழுந்து, இத்தனை பேர் முன்னாடி, நான்தான்னு சொன்னது என்னது?"

"ஒப்புதல் வாக்குமூலம்" என்றார் சந்திரசேகர், வங்கி அதிகாரிக்குரிய துல்லியத்தோடு.

வேதாந்தம் நாற்காலி தேடினார். அவருடையதில் ஆள் இருந்தது. மற்றவையும் நிரம்பியிருந்தன. "எனக்கு ஒரு வேஷமாவது குடு, ராஜி" என்றார். "கடைசியா நிக்கற சிப்பாய் போறும்."

ராஜலக்ஷ்மிக்கு இரக்கம் வந்தது. வந்ததை மேஜையே பார்த்தது. தனியாக அச்செடுத்து வைத்திருந்த ஒரு பிரதியை எடுத்து அவரிடம் நீட்டினாள். வேதாந்தம் ஆவலோடு வாங்கினார். மேல் மூலையில், முப்பது வருஷமாக அவர் கையே எழுதிவந்த அந்த வாசகம், அவள் கையெழுத்தில் இருந்தது: 'நகல். தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்.'

"என்ன நடவடிக்கை?" என்றார் அவர், நம்பிக்கையோடு.

"வாழைக்காய் சீவி வெச்சிருக்கேன்" என்று ராஜலக்ஷ்மி பகடையை உருட்டினாள். "மாவுல உப்புப் பார்த்துப் போடுங்கோ."